அறப்போர் வீரர் மார்ட்டின் லூதர் கிங்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமம் உள்ளது. அப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த 1959ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், முப்பது வயதுடைய கறுப்பினப் போதகர் ஒருவர் தம் துணைவியாருடன் அங்கு வந்து சென்றார். அவரே மார்ட்டின் லூதர் கிங். அவர்தம் வாழ்வை நம் மாணவச் செல்வங்கள் கருத்தூன்றிக் கற்றல் வேண்டும் என விழைந்து ஈண்டு எழுதுகின்றோம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் 1929 சனவரி 15ஆம் நாள் கிங் பிறந்தார். அந்நாளில் அங்கே கறுப்பினத்தவர்க்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் பின்னிருக்கை. தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கல்வியைப் படைக்கலமாகக் கொண்ட அவர், 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் மாண்ட்கோமரி நகரில், வெள்ளையருக்கு இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையார் கைது செய்யப்பட்டார். அதனையொட்டி எழுந்த பேருந்துப் புறக்கணிப்புக்குக் கிங் தலைமை தாங்கினார். 381 நாள்கள் நீடித்த அவ்வறப்போர் வெற்றியில் முடிந்தது.

இந்தியப் பயணத்தின்போது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதார் என்று தம்மை அறிமுகப்படுத்தியதாகக் கிங் பின்னாளில் கூறினார். முதலில் அவர் மனம் துணுக்குற்றது. தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தபின், அச்சொல் மெய்யே என ஏற்றுக்கொண்டார்.

1964இல் குடியுரிமைச் சட்டமும், 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1964இல் நோபல் அமைதிப் பரிசும் அவரை நாடி வந்தது. அத்துடன் அவர் ஓய்ந்திருக்கலாம். ஆயின், அதிபர் ஜான்சன் தொடங்கிய வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குரிய பொருளை வியட்நாம் போர் விழுங்குவதை அவர் கண்டார். 1967 ஏப்ரல் 4ஆம் நாள் நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அப்போரை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். சொந்த மாநிலத்தில் உரிமையற்ற கறுப்பின இளைஞர், பிறர் உரிமைக்கெனக் கடல் கடந்து சென்று மடிவதன் முரண்பாட்டை எடுத்துரைத்தார்.

கண்டனங்கள் குவிந்தன. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் ஆகிய ஏடுகள் அவரைச் சாடின. கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமைச் சங்கமே, அமைதி இயக்கத்தையும் உரிமை இயக்கத்தையும் இணைப்பது தவறு எனத் தீர்மானித்தது. சட்டங்களில் கையொப்பமிட்ட அதிபரைப் பகைத்தால் வந்த நன்மையும் போய்விடும் என்று நண்பர்கள் அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றது அன்று. அதிபரின் கதவு மெய்யாகவே அடைபட்டது. எனினும் கிங் பின்வாங்கவில்லை.

இங்கே அண்ணல் அம்பேத்கரை நினைவுகூர்கின்றோம். 1951இல் அமைச்சர் பதவி துறந்தபோது அவர் காட்டிய காரணங்களுள் வெளிநாட்டுக் கொள்கையும் ஒன்று. ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் ஏறத்தாழ 180 கோடி படைக்கே செலவாவதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். நாட்டின் பகைமையும் நட்பும் ஏழையின் உலைப்பானையைத் தொடுகின்றன என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

கிங்கின் இறுதிப் பணி துப்புரவுத் தொழிலாளர்க்கானது. 1968 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் நகரில் குப்பை வண்டியின் பொறியில் நசுங்கி இருவர் மாண்டனர். ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணை நிற்கச் சென்ற கிங், ஏப்ரல் 4ஆம் நாள், ரிவர்சைடு உரைக்குச் சரியாக ஓராண்டு கழித்து, சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 39. பன்னிரண்டு நாள்களில் தொழிலாளர் கோரிக்கை வென்றது. மதுரை மாநகரின் சாக்கடைகளைத் தூய்மை செய்து உயிரிழந்தோரை உறவினராகக் கொண்ட நமக்கு, அது அயல்நாட்டுச் செய்தி அன்று.

நம் சாதிக் குறைகளை மட்டும் பேசுங்கள், நாட்டின் வரவுசெலவு உங்களுக்கு எதற்கு என்று நம்மையும் கேட்போர் உளர். மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கைத் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979இல் வந்தது. அத்தொகை நம் சிற்றூர்ப் பள்ளிக்கும் விடுதிக்கும் வந்து சேர்கிறதா என்பதைக் கணக்கறிந்தவரே கேட்க இயலும். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தில் பயிலும் இளைஞர்காள்! பட்டம் பெறுங்கள், பதவி பெறுங்கள், நாட்டின் வரவுசெலவுக் கணக்கையும் படியுங்கள்.