வீதியில் நோயறிந்த மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

நடுங்கும் கையைக் கண்டால் ஊர் என்ன சொல்லும்? குடிகாரன் என்று சொல்லும். கள்ளையே தொட்டறியாத என் தாத்தாவையும் அப்படித்தான் சொன்னது. கல்யாணப் பந்தியில் அவர் கைச்சோறு இலைக்கு வெளியே சிந்தியபோது, பள்ளி மாணவனாயிருந்த நான் வெட்கப்பட்டு எழுந்து அடுத்த வரிசைக்குப் போயிருக்கிறேன். சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில் ஜேம்ஸ் பார்க்கின்சனின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அந்தச் செயல் என்னைச் சுட்டது.

1755ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் இலண்டனை அடுத்த ஹாக்ஸ்டனில் பிறந்தார் பார்க்கின்சன். தந்தையும் மருத்துவரே. அவரிடமே தொழில் பழகி, 1784இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்றார். பிறந்த ஊரிலேயே மருத்துவம் பார்த்தார்.

மருத்துவத்தோடு அவர் நின்றாரில்லை. சாமானியருக்கும் வாக்குரிமை கேட்ட சங்கத்தில் சேர்ந்து, புனைபெயரில் சிறு நூல்கள் எழுதினார். மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் கொல்லச் சதி நடந்ததாக எழுந்த வழக்கில், 1794இல் மன்னரின் ஆலோசனைச் சபை அவரை அழைத்து விசாரித்தது. புதைபடிவங்களிலும் தீராத ஆர்வம் கொண்டவர். அவை பற்றி 1804 முதல் 1811 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார்.

1817இல், தம் 62ஆம் வயதில், நடுக்குவாதத்தைப் பற்றி 66 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் வருவோர் ஆறே பேர். அவர்களில் இருவர் வீதியில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தொலைவிலிருந்து மட்டுமே கண்டார். சும்மா இருக்கும்போது கை நடுங்குவது, உடல் முன்னோக்கிக் கூனுவது, நடை தானாகவே ஓட்டமாவது ஆகிய மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று கண்டவர் அவர். நோயின் இருப்பிடம் கழுத்துப் பகுதித் தண்டுவடம் என்று அவர் கருதியது மட்டும் பிழையாயிற்று. நடுமூளையின் கருநிறப் பகுதியில் செல்கள் அழிந்து டோபமின் குறைவதே காரணம் என்பதை இருபதாம் நூற்றாண்டு கண்டது.

1824 டிசம்பர் 21இல் அவர் மறைந்தார். பின்னாளில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். பிறரை அவ்வளவு உற்றுப் பார்த்தவரின் உருவப்படம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுகூட இல்லை!

இதில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளை 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர். 1960களில் அப்பொருளே இந்நோய்க்கு மருந்தாயிற்று.

தாத்தாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அதே நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரையால் நடுக்கம் குறைந்திருக்கிறது, தீரவில்லை. தீராது என்பதும் தெரியும். சென்ற தை மாதத் திருமணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் நான் அமர்ந்தேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் தெருவிலும் ஒரு கை நடுங்கிக்கொண்டிருக்கலாம். ஏளனம் செய்யுமுன் பார்க்கின்சனைப் போல ஒரு கணம் நின்று பாருங்கள்.