சீதைக்குப் புடவை கட்டிய ஓவியர்

புராணப் படம் ஓடுகிறது. திரையில் சீதை வருகிறாள். உடலைச் சுற்றிப் பட்டுப் புடவை. கை வைத்த ரவிக்கை. தோளில் முந்தானை. நெற்றியில் சுட்டி. பார்த்த உடனே பாட்டி கை குவிக்கிறாள். அவள் மடியில் இருக்கும் குழந்தைக்கும் அது சீதை என்று தெரிந்து விடுகிறது.

சீதை உண்மையில் அப்படித்தான் உடுத்தினாளா? அந்தக் காலத்தில் ரவிக்கை இருந்ததா? தமயந்தியும் சந்திரமதியும் புடவைக்குக் கொசுவம் வைத்தார்களா?

இந்தக் கேள்விகளை மனத்தில் சுமந்து கொண்டு, ஊர் ஊராகச் சுற்றியவர் ஒருவர் உண்டு. அவர் சினிமாக்காரர் அல்ல. இந்தியாவில் முதல் கதைப் படம் வெளிவருவதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணை மூடி விட்டவர். ஆனால் புராணப் படங்களில் நடிகைகள் கட்டும் புடவைக்கும் அவருக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

அவர்தான் ஓவியர் ராஜா ரவிவர்மா.

சுவரில் கரிக்கோடு

திருவாங்கூர் சமஸ்தானத்தில் கிளிமானூர் என்று ஓர் ஊர். அங்குள்ள அரண்மனையில் 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி ரவிவர்மா பிறந்தார். சிறுவன் கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும். அரண்மனைச் சுவர் பாழ். யானை, மாடு, மனிதர் என்று எதையாவது வரைந்து வைப்பான்.

வேறு வீடாக இருந்தால் முதுகில் இரண்டு விழுந்திருக்கும். அவருடைய தாய்மாமன் ராஜராஜ வர்மா அடிக்கவில்லை. அவரும் படம் வரைபவர். பையனின் கோட்டில் உயிர் இருப்பதைக் கண்டு கொண்டார். தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். 14-வது வயதில் ரவிவர்மாவைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் சேர்த்தார்.

அரண்மனையில் ராமசாமி நாயுடு என்ற ஓவியர் இருந்தார். எண்ணெய் வண்ணத்தில் படம் எழுதும் வித்தை அவருக்குத் தெரியும். அதைப் பையனுக்குக் கற்றுத் தர அவருக்கு மனம் வரவில்லை. 1868-ம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் அங்கு வந்தார். அவரும் கற்றுத் தரவில்லை. தாம் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார்.

ரவிவர்மா நின்று பார்த்தார். பார்த்தே கற்றுக் கொண்டார்.

உடையால் மூண்ட கலகம்

அன்றைய திருவாங்கூரில் உடை என்பது சின்ன விஷயம் அல்ல. யார் எதை உடுத்தலாம், யார் எதை உடுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. உடையைப் பார்த்தே சாதியைச் சொல்லி விடலாம்.

தெற்குத் திருவாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், நாடார் பெண்கள் மேல்சீலை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். கலகங்கள் மூண்டன. 1859-ம் ஆண்டில் மகாராஜா உத்திரம் திருநாள் அந்த உரிமையை அளித்து ஆணை பிறப்பித்தார். அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட பெண்கள் உடுத்துவது போல இவர்கள் உடுத்தக் கூடாதாம்!

அந்த ஆணை வந்தபோது ரவிவர்மாவுக்கு 11 வயது. ஒரு முழத் துணிக்காக ஊரே பற்றி எரிந்த நாட்டில் வளர்ந்தவர் அவர்.

அன்று திருவாங்கூரின் திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த டி.மாதவராவ். பிற்காலத்தில் சர் பட்டம் பெற்றவர். இந்தக் கதையில் அவர் மறுபடியும் வருவார்.

சென்னை தந்த பதக்கம்

1873-ம் ஆண்டு சென்னையில் ஓவியப் பொருட்காட்சி நடந்தது. ரவிவர்மா ஒரு படம் அனுப்பினார். ஒரு நாயர் பெண் தன் கூந்தலில் மல்லிகைச் சரம் சூடுகிறாள். அவ்வளவுதான் படம். கவர்னரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, இசைக் கருவி மீட்டும் தமிழ்ப் பெண் ஒருத்தியை வரைந்து அனுப்பினார். அதற்கும் பரிசு.

அந்தப் படங்களில் அவருக்கு உடைக் குழப்பம் வரவில்லை. நாயர் பெண் என்ன உடுத்துவாள், தமிழ்ப் பெண் எப்படிப் புடவை கட்டுவாள் என்பது கண்ணால் கண்ட விஷயம். எதிரே ஒருத்தியை உட்கார வைத்து, பார்த்துப் பார்த்து எழுதி விடலாம்.

புராணப் பெண்களை எழுதத் தொடங்கியபோதுதான் தொல்லை பிறந்தது. சகுந்தலையை யார் பார்த்தார்கள்?

பரோடாவில் இருந்து அழைப்பு

திருவாங்கூரை விட்டுப் போன மாதவராவ், பிறகு பரோடா சமஸ்தானத்தில் திவான் ஆனார். பரோடாவின் இளம் மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். மாதவராவின் முயற்சியால் ரவிவர்மாவுக்கு அந்த அரண்மனைக் கதவு திறந்தது. 1881-ம் ஆண்டில் பரோடா சென்று, அரச குடும்பத்தினரைப் படம் எழுதினார்.

சில ஆண்டுகள் கழிந்தன. 1888-ம் ஆண்டில் கெய்க்வாட் ஒரு பெரிய வேலை கொடுத்தார். ராமாயண, மகாபாரதக் கதைகளில் இருந்து 14 படங்கள். அரண்மனையில் மாட்டுவதற்கு.

நளன் - தமயந்தி, அர்ச்சுனன் - சுபத்திரை, சந்தனு - கங்கை, அரிச்சந்திரன் - சந்திரமதி. கதைகள் தயார். முகங்கள் தயார். உடை?

நிலைமையை எண்ணிப் பாருங்கள். வரைபவர் மலையாளி. வாங்குபவர் மராட்டிய மன்னர். படம் தொங்கப் போவது குஜராத்தில். தமயந்திக்குக் கேரளத்து முண்டு கட்டினால் வடக்கே இருப்பவர்கள் இவள் யாரோ என்பார்கள். வடக்கத்திப் பாவாடையும் முக்காடும் போட்டால் தெற்கே இருப்பவர்கள் ஒப்ப மாட்டார்கள். கதையோ எல்லோருக்கும் சொந்தமான கதை.

தேடிப் போன பயணம்

ரவிவர்மா தம் தம்பி சி.ராஜராஜ வர்மாவை அழைத்துக் கொண்டு புறப்பட்டார். தம்பியும் ஓவியர், அண்ணனுக்கு வலக்கை போன்றவர். இருவரும் வட இந்தியா முழுவதும் பயணம் செய்தார்கள். போகிற இடங்களில் எல்லாம் ஒரே தேடல்தான். புராண காலத்து மக்கள் உடுத்தியது எது? அதன் சாயல் எங்காவது மிச்சம் இருக்கிறதா? எல்லா நாட்டாருக்கும் பொதுவான உடை ஏதாவது உண்டா?

கிடைக்கவில்லை.

ஒரு நாட்டில் பாவாடை. அடுத்த நாட்டில் சேலை. சேலை என்றாலும் கட்டும் விதம் ஊருக்கு ஊர் வேறு. சாதிக்குச் சாதி வேறு. ஓர் இடத்தில் முந்தானை இடது தோளில்; இன்னோர் இடத்தில் வலது தோளில்.

பழைய சிற்பங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. சாஞ்சியில் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்பங்கள் உண்டு. அஜந்தா குகைகளில் ஓவியங்கள் உண்டு. நம் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் பார்க்கிறோம். அவற்றில் பெண்களின் இடையில் ஆடை இருக்கிறது. மேலே பெரும்பாலும் நகைகள்தான். சிலவற்றில் மார்பில் கச்சை. சில அஜந்தா ஓவியங்களில் தைத்த உடையும் உண்டு. ஆனால் உடல் முழுவதையும் சுற்றி, ரவிக்கையோடு கட்டும் புடவை அந்தச் சிற்பங்களின் வழக்கம் அல்ல.

ஆராய்ச்சிதான் முக்கியம் என்றால் சிற்பத்தைப் பின்பற்றி இருக்க வேண்டும். ரவிவர்மா அப்படிச் செய்யவில்லை. அவர் காலம் வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். உடல் தெரிய உடுத்துவது நாகரிகக் குறைவு என்று படித்தவர்கள் எண்ணத் தொடங்கிய காலம். சிற்பத்தில் இருப்பது போல எழுதி, இவள்தான் சீதை என்று மாட்டினால் ஊர் சும்மா இருந்திருக்குமா?

அவர் சேலையைத் தேர்ந்தெடுத்தார். பெரும்பாலும் மராட்டியப் பெண்கள் உடுத்தும் பாணியை ஒட்டிய சேலைக்கட்டு. அதோடு ரவிக்கை. தெற்கே உள்ளவர்களுக்கும் அது அந்நியம் இல்லை; மேற்கே உள்ளவர்களுக்கும் அந்நியம் இல்லை. புராண நாயகிகளும் தேவிகளும் அதை உடுத்திக் கொண்டார்கள்.

சரித்திரப்படி இது சரியா? சரி அல்ல. அது மட்டுமா? அவருடைய புராணப் படங்களின் பின்னால் உள்ள தூண்களையும் திரைச்சீலைகளையும் உற்றுப் பாருங்கள். பல படங்களில், அவர் நடமாடிய 19-ம் நூற்றாண்டு அரண்மனைகள்தான் தெரியும்! ஆனால் அவர் உடுத்திய சேலைக்குள் ஒரு துணிச்சலும் இருந்தது. இது இந்தச் சாதிக்காரியின் உடை, இது அந்த ஊர்க்காரியின் உடை என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் உடையை அவர் தேடினார். அப்படி ஒன்று நாட்டில் இல்லாததால், தாமே ஒன்றை அமைத்தார்.

கூட்டம் கூட்டமாக

14 படங்களும் 1890-ம் ஆண்டில் முடிந்தன. பரோடாவுக்கு அனுப்பும் முன் திருவனந்தபுரத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பரோடாவில் வைத்தபோதும் அப்படியே. கதையில் கேட்ட தமயந்தியை, மூச்சு விடும் பெண்ணைப் போல அவர்கள் கண் எதிரே கண்டார்கள்.

எத்தனை பேர் பரோடாவுக்குப் போக முடியும்? படங்களை அச்சிட்டு வெளியிடலாமே என்று மாதவராவ் முன்பே யோசனை சொல்லி இருந்தார். ரவிவர்மா 1894-ம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியில் இருந்து இயந்திரம் வந்தது. தொழில் தெரிந்தவர்களும் வந்தார்கள். தாமரையில் நிற்கும் லட்சுமி, வீணையோடு சரஸ்வதி, முள் எடுப்பது போலப் பாசாங்கு செய்து துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை எல்லாம் வண்ண அச்சில் வெளிவந்தன.

இதில் ஒரு பெரிய காரியம் நடந்தது. கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாத மக்கள் அன்று லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவருக்கும் லட்சுமி வந்தாள். ரவிவர்மா கட்டி விட்ட அதே புடவையோடு வந்தாள். வாங்கி மாட்டியவர்களில் யாரும் இது எந்தக் காலத்து உடை என்று கேட்கவில்லை. தேவி இப்படித்தான் இருப்பாள் என்று நம்பினார்கள்.

வியாபாரம் மட்டும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அச்சகத்தை லோனாவாலாவுக்கு அருகே மாற்றினார். கடன் ஏறியது. கடைசியில், தம்மிடம் வேலை பார்த்த ஷ்லைகர் என்ற ஜெர்மானியரிடமே விற்று விட்டார். அச்சகம் கை மாறிய பிறகும் படங்கள் நிற்கவில்லை. ரவிவர்மா பெயரிலேயே அவை தொடர்ந்து விற்றன.

புகழும் வசையும்

1893-ம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ பொருட்காட்சிக்கு அவருடைய 10 படங்கள் போயின, பதக்கங்கள் கிடைத்தன. 1904-ம் ஆண்டில் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது.

வசை பாடியவர்களும் உண்டு. விவேகானந்தரின் சீடர் நிவேதிதா அம்மையாருக்கு அவருடைய சகுந்தலை பிடிக்கவில்லை. கலை ஆராய்ச்சியாளர் ஆனந்த குமாரசாமியும் கடுமையாக எழுதினார். ரவிவர்மாவின் தெய்வங்களில் நாடக மேடைதான் தெரிகிறது, தெய்வீகம் இல்லை என்பது அவர் கட்சி. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நாடகம் போல இருந்ததால்தானே மக்கள் அவற்றை விரும்பினார்கள்?

1905-ம் ஆண்டுத் தொடக்கத்தில் தம்பி ராஜராஜ வர்மா இறந்தார். புராண உடை தேடி ஊர் ஊராகக் கூட வந்த தம்பி. அந்த அடியில் இருந்து அண்ணன் மீளவில்லை. நீரிழிவு நோயும் வாட்டியது. 1906-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, 58-வது வயதில் ரவிவர்மா காலமானார்.

படம் நகரத் தொடங்கியது

ரவிவர்மா அச்சகத்துக்காக வேலை செய்தவர்களில் ஒரு மராட்டிய வாலிபர் இருந்தார். பரோடாவில் உள்ள கலாபவனத்தில் படித்தவர். படங்களை அச்சுக்கு ஏற்றபடி கல்லில் மாற்றும் வேலை தெரிந்தவர். தெய்வப் படங்கள் அவர் கை வழியாகப் போயின.

அந்த வாலிபரின் பெயர் தாதாசாகிப் பால்கே.

1913-ம் ஆண்டு மே மாதம் பம்பாயில் பால்கேயின் "ராஜா அரிச்சந்திரா" படம் வெளிவந்தது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படம். சந்திரமதியாக நடிக்க ஒரு பெண்கூட முன்வரவில்லை. ஓட்டலில் வேலை செய்து கொண்டிருந்த சாளுங்கே என்ற இளைஞரைத் தேடிப் பிடித்து, புடவை கட்டி நடிக்க வைத்தார்கள். பரோடா அரண்மனைக்காக ரவிவர்மா எழுதினாரே, அதே அரிச்சந்திரன், அதே சந்திரமதி. இந்த முறை அவர்கள் நடந்தார்கள், அழுதார்கள், சுடுகாட்டில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ புராணப் படங்கள். பேசும் படம் வந்தது, கலர் வந்தது, உடைக்கு ஜரிகை கூடியது. 1987-ம் ஆண்டில் ராமாயணம் டெலிவிஷனில் வந்தபோது, ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடின. பெட்டிக்குப் பூப்போட்டு, ஊதுவத்தி ஏற்றி வைத்த வீடுகள் உண்டு. அந்தச் சீதையும் புடவையில்தான் வந்தாள்.