பூட்டிய அறைக்குள் ஒரு டாக்டர்

1872-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி. லண்டன் நகரம். விடிய இன்னும் வெகு நேரம் இருந்தது.

ஜார்ஜ் மெரட் என்ற பீர் ஆலைத் தொழிலாளி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று துப்பாக்கி வெடித்தது. அவர் சுருண்டு விழுந்து இறந்தார்.

சுட்டவர் ஒரு டாக்டர்! பெயர், வில்லியம் செஸ்டர் மைனர்.

மைனர் அமெரிக்கர். ஆனால் 1834-ல் பிறந்தது இலங்கையில். தந்தை, யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தைக் கவனித்தவர். அந்த மிஷன்தான் 1842-ல் "மானிப்பாய் அகராதி" என்ற தமிழ் அகராதியை வெளியிட்டது. அப்போது மைனர் 8 வயதுச் சிறுவன்.

அமெரிக்காவில் படித்து டாக்டரானார். உள்நாட்டுப் போரில் ராணுவ டாக்டராக இருந்தார். பிறகு மனம் பேதலித்தது. இரவில் யாரோ அறைக்குள் புகுந்து தன்னைத் துன்புறுத்துவதாக நம்பினார். அப்படி வந்த ஆள் என்று எண்ணித்தான் மெரட்டைச் சுட்டுவிட்டார். மெரட்டுக்கு 6 குழந்தைகள். மனைவி அப்போது கர்ப்பிணி.

மனநோயாளி என்பதால் கோர்ட்டு அவரைத் தண்டிக்கவில்லை. பிராட்மூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. குற்றம் செய்த மனநோயாளிகளுக்காக 1863-ல் திறக்கப்பட்ட இடம் அது. உயர்ந்த மதில், பூட்டிய கதவுகள். என்றாலும் சிறை அல்ல, ஆஸ்பத்திரி.

இந்த நோயைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் கிடையாது. காவல், அமைதி, செய்ய ஒரு வேலை – இவையே சிகிச்சை. ஊழியர்கள் இரவும் பகலும் கண்காணித்தார்கள். இரவில் ஆட்கள் வந்ததாக மைனர் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார். பகலிலோ அவர் பண்பான படிப்பாளி.

அதனால் அவருக்கு 2 அறைகள் கொடுத்தார்கள். ராணுவ பென்ஷன் பணத்தில் புத்தகம் வாங்க அனுமதித்தார்கள். மெரட்டின் மனைவியே அவரைப் பார்க்க வந்தார்; லண்டனிலிருந்து புத்தகங்களும் வாங்கி வந்தார். அந்த அம்மாளின் மனம் எத்தனை பெரிது!

1879-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே, சொற்களுக்கு உதாரண வாக்கியங்கள் அனுப்பும்படி பொதுமக்களை வேண்டினார். மைனர் அந்த வேலையில் இறங்கினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பொடி எழுத்தில் சொற்பட்டியல் தயாரித்தார். எந்தச் சொல் தேவை என்று கேட்டு, அதற்கு மட்டும் வாக்கியம் அனுப்பினார். இப்படி ஆயிரக்கணக்கில் போயின.

ஆஸ்பத்திரி டாக்டர் என்று நினைத்து வந்த மர்ரே, நோயாளி என்று அறிந்து திகைத்தாராம். இது வெறும் கட்டுக்கதை. 1891-ல் அவர் தெரிந்தேதான் வந்தார், நண்பரானார்.

வேலை ஆறுதல் தந்ததே தவிர நோய் தீரவில்லை. 1902-ல் மைனர் தம்மையே கத்தியால் கொடூரமாகக் காயப்படுத்திக்கொண்டார். உடலும் தளர்ந்தது.

1910-ல் உள்துறை மந்திரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப உத்தரவிட்டார். 38 ஆண்டுகளுக்குப் பிறகு பிராட்மூர் கதவு அவருக்குத் திறந்தது. மர்ரே நேரில் வந்து வழியனுப்பினார்.

அமெரிக்காவிலும் ஆஸ்பத்திரி வாசம்தான். 1920-ல் மைனர் காலமானார். அகராதி முழுமை பெற்றது 1928-ல். மர்ரேயும் அப்போது உயிரோடு இல்லை.