சும்மா பார்க்க வந்தவர்களுக்காகக் கடை கட்டிய சீமான்

1888-ம் ஆண்டு. லண்டன் மாநகரில் ஒரு பெரிய கடைக்குள் ஓர் அமெரிக்கர் நுழைந்தார். வயது முப்பது. உடுப்பு நேர்த்தியாக இருந்தது. பையில் பணமும் இருந்தது.

கடைச் சிப்பந்தி ஒருவர் எதிரே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். குறிப்பாக ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தேன் என்றார் அமெரிக்கர். அவ்வளவுதான்! வாங்காத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று சிப்பந்தி அவரை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

இப்படி ஒரு கதை சொல்வார்கள். அந்த அமெரிக்கரே பிற்காலத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பது உண்டாம். அவர் பெயர் ஹாரி கார்டன் செல்பிரிட்ஜ். இருபத்தொரு ஆண்டுகள் கழித்து அதே லண்டனில் அவர் ஒரு கடை திறந்தார். சும்மா பார்க்க வருகிறவர்களுக்கென்றே கட்டிய கடை!

இன்று துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ உல்லாசப் பயணம் போகிறவர்கள், கடற்கரையையும் கோபுரத்தையும் பார்ப்பதோடு விடுவதில்லை. ஷாப்பிங் மால் ஒன்றிலும் ஒரு பகல் முழுவதையும் கழிக்கிறார்கள். காலையில் நுழைந்தால் விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வருகிறார்கள். ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் திரும்பினாலும் ஏன் என்று கேட்பார் இல்லை. மால் என்பது ஒரே கூரையின் கீழ் பல பேருடைய கடைகள். செல்பிரிட்ஜ் நடத்தியது தனி ஒரு கடைதான். ஆனால் கடையையே ஊர் சுற்றிப் பார்க்கும் இடமாக லண்டனில் மாற்றிக் காட்டியவர் அவர்.

தாய் வளர்த்த பிள்ளை

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் ரிப்பன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1858-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹாரி பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. தந்தை படையில் சேர்ந்து போனார். போர் முடிந்தது. மற்ற வீட்டு ஆண்கள் திரும்பினார்கள். ஹாரியின் தந்தை திரும்பவே இல்லை. போரில் அவர் சாகவில்லை. குடும்பத்தைக் கைவிட்டுவிட்டார்.

தாய் லோயிஸ் பள்ளிக்கூட ஆசிரியை ஆனார். மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் இறந்துபோக, மிஞ்சியவர் ஹாரி ஒருவர்தான். தாய்க்கு மகன், மகனுக்குத் தாய் என்று இருவரும் வாழ்ந்தார்கள். பையன் வீடு வீடாகப் பத்திரிகை போட்டான். கடையில் எடுபிடி வேலை செய்தான். பிற்காலத்தில் பணம் கொழித்தபோதும் தாயைத் தம்முடனேயே வைத்துக் கொண்டார். 1924-ல் அந்த அம்மையார் காலமாகும் வரை, அவர் முகம் சுளிக்கும் காரியத்தைச் செய்ய மகன் தயங்கினார் என்பார்கள். அந்தத் தயக்கம் போன பிறகு நடந்ததைப் பின்னால் பார்க்கலாம்.

சிகாகோ பாடம்

1879-ல் சிகாகோ நகரில் மார்ஷல் பீல்டு என்ற வணிகப் பெருமகனின் நிறுவனத்தில் ஹாரி சேர்ந்தார். சரக்கு அறையில் சிறு வேலை. நடை எப்போதும் ஓட்டம்தான். நிமிஷத்துக்கு ஒரு மைல் ஹாரி என்று சக ஊழியர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் சில்லறை விற்பனைப் பகுதி முழுவதும் அவர் கைக்கு வந்தது. பிறகு கூட்டாளியாகவும் ஆனார்.

கடை மூடிய பிறகும் காட்சி ஜன்னல்களில் விளக்கு எரிய வேண்டும் என்றார். விலை மலிவான சரக்குக்குக் கீழ்த்தளத்தில் தனி இடம் ஒதுக்கினார். பெண்களுக்குப் பசித்தால் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பதைக் கவனித்துக் கடைக்குள்ளேயே தேநீர் விடுதி வைத்தார். வந்தவரை நெருக்காதே, உலவ விடு, உலவுகிறவர் எங்கேனும் ஓரிடத்தில் நிற்பார், நின்றவர் வாங்குவார். அவர் கற்ற வியாபாரம் இவ்வளவுதான். தர்ம சிந்தை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்!

1890-ல் ரோஸ் பக்கிங்காம் என்ற செல்வக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். 1904-ல் பீல்டை விட்டு விலகிச் சொந்தமாக ஒரு கடை வாங்கினார். வாங்கிய வேகத்திலேயே அதை விற்றும் விட்டார். பிறகு சும்மா இருந்து பார்த்தார். முடியவில்லை. 1906-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

மேற்குக் கோடியில் ஒரு மாளிகை

லண்டனில் அப்போது பெரிய கடைகள் இல்லாமல் இல்லை. ஹாரட்ஸ் இருந்தது, வைட்லி இருந்தது. ஆனால் பல கடைகளில் வாசலிலேயே ஒரு மேற்பார்வையாளர் நிற்பார். வந்தவரை அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைப்பார். சரக்கு அலமாரிக்குள் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும். கேட்டுவிட்டு வாங்காமல் எழுந்தால் முகங்கள் மாறும். பாரிஸ் நகரில் போன் மார்ஷே என்ற கடை இந்த வழக்கத்தை எப்போதோ கைவிட்டிருந்தது. அமெரிக்காவும் விட்டுவிட்டது. லண்டனில் மட்டும் அது உயிரோடு இருந்தது.

ஆக்ஸ்போர்டு வீதியின் மேற்குக் கோடி அன்று அவ்வளவு எடுப்பான இடம் அல்ல. அங்கேதான் செல்பிரிட்ஜ் மனை பிடித்தார். அமெரிக்காவில் கட்டுவது போல் எஃகுச் சட்டம் நிறுத்திக் கட்டிடம் எழுப்பினார். பாதி வழியில் கூட்டாளி பின்வாங்கினார். வேறொரு பணக்காரரைப் பிடித்து வேலையை முடித்தார். சுமார் நான்கு லட்சம் பவுன் செலவு.

1909-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ந் தேதி கதவு திறந்தது. யாரையும் வாங்கச் சொல்லி வற்புறுத்த மாட்டோம், எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரங்கள் வந்திருந்தன. கூட்டத்தை ஒழுங்கு செய்யப் போலீசார் வரவேண்டியதாயிற்று.

உள்ளே போனவர்கள் என்ன கண்டார்கள்? கையுறையும் கைக்குட்டையும் மேஜைமேல் பரப்பிக் கிடந்தன. தொட்டுப் பார்க்கலாம், எடுத்துப் பார்க்கலாம். உணவு விடுதிகளில் விலை மிதம். நூல் நிலையம் இருந்தது. கடிதம் எழுத ஓர் அறை. மயக்கம் வந்தால் முதலுதவி அறை. பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், அமெரிக்கர், காலனி நாடுகளிலிருந்து வந்தவர் என்று வெளியூர்ப் பயணிகளுக்குத் தனித்தனி வரவேற்பு அறைகள். நடந்து களைத்தவர்களுக்கு மௌன அறை ஒன்று. மங்கிய விளக்கு, சாய்ந்து கொள்ளும் நாற்காலி, வீதி இரைச்சல் வராதபடி இரட்டைக் கண்ணாடி.

பெண்களுக்குக் கழிவறைகளும் இருந்தன. இது சிறிய விஷயம் அல்ல. அந்த லண்டனில் வெளியே வந்த பெண்ணுக்கு ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. ஆகையால் வீட்டை விட்டு நெடுநேரம் அகல முடியாது. செல்பிரிட்ஜ் கடையில் அந்தக் கவலை இல்லை. துணைக்கு ஆண் இல்லாமல் ஒரு பெண் காலையில் வந்து, சாப்பிட்டு, இளைப்பாறி, மாலையில் வீடு திரும்பலாம். ஊர் அதைத் தப்பாகப் பேச முடியாத இடம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது.

ஆகாய விமானம் வந்தது

அதே ஆண்டு ஜூலை மாதம் 25-ந் தேதி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். அப்படித் தாண்டிய முதல் மனிதர் அவரே. உலகம் வாய் பிளந்து நின்றது. செல்பிரிட்ஜ் நிற்கவில்லை. ஓடிப்போய் அந்த விமானத்தையே கொண்டு வந்து கடைக்குள் நிறுத்திவிட்டார்! கட்டணம் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். விமானத்தைப் பார்க்க வந்தவர்கள் விற்பனை மேஜைகளைத் தாண்டித்தானே போகவேண்டும்?

வாசனைத் திரவியங்களையும் முகப்பூச்சுகளையும் மற்றவர்கள் ஒரு மூலையில் ஒளித்து வைத்தார்கள். அவர் வாசலுக்கு நேராக வைத்தார். வீதியில் குதிரைச் சாணி நாற்றம். உள்ளே வந்தால் நறுமணம். இன்றும் பெரிய கடைகளில் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது அந்த மணம்தான்.

மொட்டை மாடியில் தோட்டம் போட்டார். அங்கே தேநீர், சிறிய கோல்ப் மைதானம், பெண்கள் துப்பாக்கி சுடப் பழகும் சங்கம்! 1925-ல் ஜான் பெயர்டு என்ற ஏழை விஞ்ஞானி டெலிவிஷன் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னபோது, அவரையும் கூப்பிட்டு மூன்று வாரம் கடையிலேயே செய்து காட்டச் சொன்னார். மங்கலான நிழல் உருவங்கள்தான் ஆடின. ஆனாலும் பொதுமக்கள் டெலிவிஷனைக் கண்ணால் பார்த்தது அங்கேதான் முதல் முறை.

உயரத் தொப்பியும் நீண்ட கோட்டுமாக முதலாளி தினமும் காலையில் கடையைச் சுற்றி வருவார். மேஜையில் தூசி கண்டால் திட்ட மாட்டாராம். விரலால் தம் பெயரின் முதல் எழுத்துக்களைத் தூசிமேல் எழுதிவிட்டுப் போய்விடுவாராம். அவர் அறைக்கு விஜயம் செய்த பிரமுகர்கள் ஜன்னல் கண்ணாடியில் வைர முனையால் கையெழுத்துப் பொறித்துவிட்டுப் போனார்கள்.

சறுக்கல்

1918-ல் உலகைச் சூறையாடிய இன்புளுயன்சா ஜுரம் மனைவி ரோஸைக் கொண்டு போயிற்று. ஆறு ஆண்டுகளில் தாயும் போனார். வீட்டில் கண்டிக்க ஆள் இல்லை.

லான்ஸ்டவுன் மாளிகையில் ராஜ வாழ்வு. இரவு விருந்துகள். கடலோரத்தில் ஹெங்கிஸ்ட்பரி முனையை விலைக்கு வாங்கி, அங்கே ஒரு மாபெரும் கோட்டை கட்டப் படம் போட்டார். ஒரு கல்கூட நாட்டவில்லை. 1930-ல் அந்த நிலத்தையே போர்ன்மவுத் நகரசபைக்கு விற்றார். டாலி சகோதரிகள் என்று ஹங்கேரியில் பிறந்த இரட்டை நடனக்காரிகள். அவர்கள் சூதாட்ட மேஜையில் உட்கார்ந்தால் பின்னால் நின்று பணம் கொடுப்பவர் செல்பிரிட்ஜ். தோற்றாலும் அவர் பணம். ஆறுதலுக்கு வாங்கித் தரும் வைரமும் அவர் பணம். ஒரு பென்னிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போடத் தெரிந்த மனிதருக்கு இந்தக் கணக்கு மட்டும் தெரியவில்லை!

1929-க்குப் பிறகு உலகெங்கும் வியாபார மந்தம். கையில் இருந்தது கரைந்தது. கடையிடமே கடன் வாங்கினார். வரி பாக்கி மட்டும் இரண்டரை லட்சம் பவுன். பிற இடங்களில் அவர் சேர்த்திருந்த பதினைந்து கடைகளும் 1940-ல் ஜான் லூயிஸ் நிறுவனத்துக்குப் போயின. நிர்வாகக் குழு முதலில் அதிகாரத்தைப் பிடுங்கியது. 1941-ல் கடையோடு இருந்த உறவே அறுந்தது. கட்டியவருக்கு அங்கே ஒரு நாற்காலி இல்லை.

எதிர்ப்புற நடைபாதையில்

புட்னி பகுதியில் ஒரு வாடகை வீடு. மகள் ரோசலியின் குடும்பத்தோடு அதில் குடியிருந்தார். வயது எண்பத்து மூன்றைத் தாண்டியது. காது கேட்கவில்லை. கோட்டு பழசாகி நூல் பிரிந்துவிட்டது. தொப்பியை மட்டும் அவர் விடவில்லை.

அடிக்கடி பஸ் ஏறுவார். ஆக்ஸ்போர்டு வீதியில் இறங்குவார். தடியை ஊன்றிக்கொண்டு எதிர்ப்புற நடைபாதையில் நின்று, அந்தப் பெரிய தூண்களை அண்ணாந்து பார்ப்பார். உள்ளே போவதில்லை. அவரைத் தாண்டி ஜனங்கள் கடைக்குள் போய்க்கொண்டிருப்பார்கள். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, சுற்றித் திரியும் பிச்சைக்காரர் என்று நினைத்து அவரைப் பிடித்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள்.

சிறிது நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் புட்னிக்குத் திரும்பிவிடுவார்.

1947-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி, தமது 89-வது வயதில், நிமோனியாவால் அவர் இறந்தார். ஹைகிளிப் என்ற கடலோர ஊரில், செயிண்ட் மார்க் தேவாலயத் தோட்டத்தில், மனைவிக்கும் தாய்க்கும் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து லிவர்பூல் கம்பெனி ஒன்று கடையை விலைக்கு வாங்கியது. வாசலில் இருந்த பெயரை மட்டும் மாற்றவில்லை.