ஓவியர் இரெம்பிராண்டு

சிற்பி படைக்கும் உருவத்தை நாம் கையால் தொட்டு உணரலாம். அதனைச் சுற்றி வந்தும் காணலாம். ஓவியனுக்கோ அத்தகைய வாய்ப்பு இல்லை. தட்டையான துணியின்மேல் அவன் ஆழத்தைக் காட்ட வேண்டும். அசையாத வண்ணத்தில் அசைவைக் காட்ட வேண்டும். மண்ணையும் எண்ணெயையும் குழைத்து ஒளியைக் காட்ட வேண்டும். இவ்வரிய கலையில் தலைசிறந்து விளங்கியவர்களுள் ஒருவர் ஆலந்து நாட்டு ஓவியர் இரெம்பிராண்டு. அவருடைய வாழ்க்கையையும், உலகப் புகழ் பெற்ற அவருடைய ஓவியம் ஒன்றன் அமைப்பையும் இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஆலந்து நாட்டின் லெய்டன் நகரில் 1606 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15 ஆம் நாள் இரெம்பிராண்டு பிறந்தார். தந்தையார் மாவரைக்கும் காற்றாலை நடத்தியவர். தாயார் ரொட்டி சுடுவோர் குடும்பத்தில் தோன்றியவர். மைந்தரைக் கற்றோராக்க விரும்பிய பெற்றோர் அவரை இலத்தீன் பள்ளியில் சேர்த்தனர். 1620 ஆம் ஆண்டில் லெய்டன் பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறியது. ஆயினும் அவருள்ளம் ஏட்டில் ஒன்றாது ஓவியத்தையே நாடியது. அதனை உணர்ந்த பெற்றோர் தடை கூறவில்லை.

லெய்டனில் சுவானன்பர்க்கு என்பவரிடம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பயின்ற இரெம்பிராண்டு, பின்னர் ஆம்சுடர்டாம் நகருக்குச் சென்று, இத்தாலியில் பயின்று மீண்ட லாசுத்மன் என்னும் ஓவியரிடம் ஆறு திங்கள் கற்றார். ஒரு கதையின் உயிரான கணத்தைத் தேர்ந்தெடுத்து வரையும் திறம் அவரிடமிருந்தே இவருக்கு வாய்த்தது. பின்பு தம் ஊருக்குத் திரும்பித் தனித்துத் தொழில் நடத்தலானார். கண்ணாடியின் முன் நின்று, நகைத்தும் சினந்தும் வியந்தும் தம் முகத்தையே பலவாறு வரைந்து பழகினார். முகத்தில் தோன்றும் மெய்ப்பாடுகளை அறிதற்கு அவர் கண்ட எளிய வழி இதுவாகும்.

புகழும் செல்வமும்

1631 ஆம் ஆண்டளவில் இரெம்பிராண்டு ஆம்சுடர்டாம் நகரில் குடியேறினார். கடல் வாணிகத்தால் செல்வம் கொழித்த அந்நகரில், தம் உருவத்தை வரைவித்து மனையில் மாட்டும் வழக்கம் வணிகரிடையே மிகுந்திருந்தது. 1632 இல், மருத்துவர் துல்ப் என்பார் உடற்கூறு விளக்கும் காட்சியை இரெம்பிராண்டு வரைந்தார். அவ்வோவியத்தால் இருபத்தைந்து வயதே நிரம்பிய இளைஞரின் பெயர் நகரெங்கும் பரவியது.

1634 இல் சாசுகியா என்னும் நங்கையை அவர் மணந்தார். 1639 இல் 13,000 கில்டர் விலைக்குப் பெரிய மாளிகை ஒன்றை வாங்கினார். கையில் இருந்த பொருள் போதாமையால் பெரும்பகுதியைக் கடனாக நிறுத்தினார். மேலும், பிறர் வரைந்த ஓவியங்கள், சிலைகள், படைக்கலங்கள், கீழைநாட்டு அரும்பொருள்கள் ஆகியவற்றைக் கண்டால் விலை பாராது வாங்கும் இயல்பு அவரிடம் இருந்தது. கலைக்கண் படைத்த அவருக்குக் கணக்குப் பார்க்கும் கண் வாய்க்கவில்லை.

காவற்படை ஓவியம்

அக்காலத்தில் ஆம்சுடர்டாம் நகர மாந்தர், ஊர்காக்கும் பொருட்டுத் தன்னார்வப் படைகள் அமைத்திருந்தனர். அவற்றுள் துப்பாக்கி வீரர் கழகம் புதிதாகக் கட்டிய மன்றத்தை அழகு செய்ய ஓவியர் பலரை அமர்த்தியது. பிரான்சு பானிங்கு கோக்கு என்னும் தலைவரின் படைப்பிரிவை வரையும் பணி இரெம்பிராண்டுக்குக் கிடைத்தது. தலைவருடன் சேர்ந்து பதினெண்மர் பணம் கொடுத்தனர். ஒவ்வொருவரும் கொடுத்தது ஏறத்தாழ 100 கில்டர். படத்தில் பெறும் இடத்திற்கு ஏற்பச் சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் கொடுத்தனர். தொகை சுமார் 1,600 கில்டர் ஆயிற்று. 1642 இல் ஓவியம் முற்றுப்பெற்றது. 'இரவுக் காவல்' என்று இன்று உலகம் அறிந்திருப்பது இதுவே.

இத்தகைய குழு ஓவியங்களை வரைவதற்கு ஒரு மரபு இருந்தது. வீரர்கள் வரிசையாக நிற்பர், அல்லது விருந்துமேசையைச் சுற்றி அமர்ந்திருப்பர். பணம் கொடுத்த ஒவ்வொருவர் முகமும் ஒரே அளவு விளங்கித் தோன்றும். இரெம்பிராண்டு அம்மரபைப் பின்பற்றவில்லை. படைத்தலைவர் புறப்படுமாறு ஆணையிடும் ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்தார். தலைவரின் வாய் சற்றே திறந்திருக்கின்றது. கை முன்னே நீள்கின்றது. ஒருவர் கொடியை உயர்த்துகின்றார். ஒருவர் துப்பாக்கியில் மருந்து இடுகின்றார், ஒருவர் சுடுகின்றார், ஒருவர் சுட்டபின் எஞ்சிய துகளை ஊதுகின்றார். வலப்பக்கத்தில் முரசறைவோன் நிற்க, அவனை நோக்கி நாயொன்று குரைக்கின்றது. ஒழுங்கு இன்னும் கூடவில்லை. ஆயினும் அடுத்த நொடியில் கூடிவிடும் என்பது காண்போர்க்குத் தெரிகின்றது.

இத்துணைக் குழப்பத்தினிடையே நம் கண் தடுமாறாமைக்குக் காரணம் என்ன? முதற் காரணம் ஒளியைப் பங்கிட்ட முறையாகும். இடப்புறத்து மேலிருந்து வரும் ஒளி எல்லார்மேலும் ஒத்த அளவில் விழவில்லை. துணைத்தலைவரின் வெளிர்மஞ்சள் உடையில் ஒளி நிறைகின்றது. இடப்பக்கத்தில், கூட்டத்தின் நடுவே பொன்னிற ஆடையுடன் செல்லும் சிறுமியின்மேல் மீண்டும் அது நிறைகின்றது. இவ்விரண்டு ஒளித்திரள்களும் துலாக்கோலின் இரு தட்டுகள்போல் நிற்க, அவற்றினிடையே கருப்புடையணிந்த தலைவர் தோன்றுகின்றார். கருமை ஒளியைத் தாங்காது. ஆயினும் ஒளிக்கு அருகே நின்றமையால் அக்கருமையே மேம்பட்டு விளங்குகின்றது. அவர் மார்பின் குறுக்கே அணிந்த செங்கச்சையும், இடப்பக்கத்து வீரனின் செவ்வுடையும் ஒன்றையொன்று அழைப்பவைபோல் அமைந்துள்ளன.

அச்சிறுமி யார் என்று கேட்கத் தோன்றும். அவள் இடையில் தலைகீழாகத் தொங்கும் கோழியின் கால்நகங்கள் துப்பாக்கி வீரர் கழகத்தின் சின்னத்தைக் குறிப்பன. ஆகவே அவள் கழகத்தையே உருவகித்து நிற்பவள் எனலாம்.

இரண்டாவது காரணம் கோடுகளின் போக்கு. கொடிக்கம்பு, நெடுவேல்கள், துப்பாக்கிகள், தலைவரின் கோல் ஆகியன நேர்நிற்கும் கோடுகளாக இல்லாமல் சாய்ந்த கோடுகளாகவே பெரிதும் அமைந்துள்ளன. நேர்கோடு நிலைபேற்றைக் காட்டும். சாய்கோடு இயக்கத்தைக் காட்டும். பின்னே அசையாது நிற்கும் வளைவாயில் இவ்வியக்கத்தை மேலும் மிகுவிக்கின்றது.

மூன்றாவது, ஆழத்தைக் காட்டும் திறம். துணைத்தலைவர் ஏந்திய குறுவேல் நம்மை நோக்கி நீட்டப்பட்டிருத்தலால், உண்மையில் நீண்ட அது மிகக் குறுகி வரையப்பட்டுள்ளது. ஆயினும் நம் கண் அதனைக் குறுகியதாகக் கொள்வதில்லை. துணியை விட்டு வெளியே நீள்வதாகவே கொள்கின்றது. தலைவரின் நீட்டிய கையும் அத்தன்மையதே. அக்கையின் நிழல் துணைத்தலைவரின் உடைமேல் விழுந்துள்ளது. அந்நிழல் ஒன்றே, ஒளி எத்திசையினின்று வருகின்றது என்பதையும், இருவரிடையே எத்துணை இடைவெளி உள்ளது என்பதையும் ஒருங்கே கூறிவிடுகின்றது.

வண்ணம் தீட்டிய முறை

வண்ணத்தை அடைத்து விற்கும் உலோகக் குழல்கள் அக்காலத்தில் இல்லை. நிறப்பொடிகளை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழம்பாக்கிப் பயன்படுத்தினர். அவ்வெண்ணெய் மெல்ல உலரும் இயல்பினது. ஆதலின் ஒரு பூச்சின்மேல் மற்றொரு பூச்சாக நிதானமாகத் தீட்டுதற்கு அது துணைசெய்தது. இரெம்பிராண்டு கித்தானின்மேல் முதலில் படிகமணல் கலந்த களிமண்ணைக் கொண்டு பழுப்பு நிறத் தளம் இட்டார். இருண்ட பகுதிகளை மெல்லிய பூச்சாலேயே முடித்தார். ஒளிபடும் இடங்களிலோ ஈயவெள்ளையையும், ஈயமும் வெள்ளீயமும் சேர்த்து ஆக்கிய மஞ்சளையும் தடிப்பாக அப்பினார். துணைத்தலைவரின் உடையில் உள்ள பொன்னிழைப் பின்னல் மேடுபட எழுந்து நிற்கின்றது. மேடுபட்ட வண்ணம் அறையின் ஒளியைத் தானே ஏற்று மின்னுகின்றது. அருகில் சென்றால் வண்ணத் திட்டுகளே தெரியும். விலகி நின்றால் அவையே பொன்னிழையாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே நுணுக்கத்துடன் வரையாது, வேண்டுமிடத்து விளக்கியும் வேண்டாவிடத்து மறைத்தும் வரைந்தமையே அவருடைய தனித்திறமாகும்.

ஓவியம் பட்ட பாடு

1715 இல் இவ்வோவியம் நகர மன்றத்திற்கு மாற்றப்பட்டது. அங்கே இரண்டு வாயில்களுக்கு இடையே இருந்த சுவரில் அது அடங்கவில்லை. அதற்காக ஓவியத்தின் நான்கு பக்கங்களையும் வெட்டிக் குறைத்தனர். மிகுதியும் இழந்தது இடப்பக்கம். அங்கு நின்ற உருவங்கள் சில மறைந்தொழிந்தன. இழந்தது துணி மட்டுமன்று. தலைவரும் துணைத்தலைவரும் முன்னர் நடுவினின்று வலப்பக்கமாகச் சற்று விலகி நின்றனர். அதனால் படை முன்னேறிச் செல்லும் தோற்றம் இருந்தது. வெட்டியபின் அவர்கள் நடுவிலேயே நின்றுவிட்டனர், அவ்வியக்கம் குன்றியது. லுண்டன்சு என்பவர் முன்பே சிறிதாக வரைந்த படியொன்று எஞ்சியிருத்தலால் இவ்வுண்மையை அறிகின்றோம். எஞ்சிய ஓவியமும் ஏறத்தாழ 12 அடி உயரமும், 14 அடிக்கு மேற்பட்ட அகலமும் உடையது.

மேற்பூசிய வார்னிசும் புகையும் அழுக்கும் படிந்து ஓவியம் கருத்தது. அதனால் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு 'இரவுக் காவல்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அதனைச் சுருட்டிக் குகையில் பாதுகாத்தனர். போருக்குப்பின், 1946, 1947 ஆம் ஆண்டுகளில் தூய்மை செய்தபோது அது பகற்காட்சியே என்பது தெளிவாயிற்று. 1975 இல் ஒருவன் கத்தியால் அதனைக் கிழித்தான், வல்லுநர் செப்பனிட்டனர். 2019 இல் தொடங்கிய பெரிய ஆய்வின் பயனாக, இழந்த பகுதிகளைக் கணிப்பொறியின் துணையால் படியெடுத்து, 2021 இல் சில திங்கள் ஓவியத்தின் பக்கங்களில் பொருத்திக் காட்டினர்.

வீழ்ச்சியிலும் தளராமை

இவ்வோவியத்தை வீரர்கள் வெறுத்தனர் என்றும், அதனாலேயே இரெம்பிராண்டு வறியவரானார் என்றும் நெடுநாள் ஒரு கதை வழங்கிவந்தது. அதற்குச் சான்று இல்லை. பேசிய பணம் அவருக்குக் கிடைத்தது. துன்பம் வேறு வழிகளால் வந்தது. அவருடைய முதல் மூன்று குழந்தைகளும் பிறந்த சில நாள்களிலோ கிழமைகளிலோ இறந்தன. 1642 இல், ஓவியம் முற்றுப்பெற்ற அவ்வாண்டிலேயே, ஓராண்டு நிறையாத மகன் டைட்டசை விட்டு மனைவி சாசுகியா மறைந்தார். மாளிகைக் கடன் தீரவில்லை. 1656 இல் கடனிறுக்க இயலாதவர் என இரெம்பிராண்டு அறிவிக்கப்பட்டார். அவர் அரிதின் ஈட்டிய கலைப்பொருள்கள் ஏலம் போயின. 1658 இல் வீடும் விற்கப்பட்டது. 1662 இல் சாசுகியாவின் கல்லறையிடத்தையும் விற்கும் நிலை நேர்ந்தது.

பின்னாளில் அவருடன் வாழ்ந்த எண்டிரிக்கே என்னும் பெண்மணியும் மகன் டைட்டசும் கலைப்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்று தொடங்கி, இரெம்பிராண்டை அதன் பணியாளராக அமர்த்தினர். கடன்காரரிடமிருந்து அவர் உழைப்பைக் காக்க அவ்விருவரும் கண்ட வழி அது. எண்டிரிக்கே 1663 இலும், டைட்டசு 1668 இலும் மறைந்தனர்.

இத்துணை இடர்களுக்கிடையிலும் அவர் கை ஓயவில்லை. நம் நாட்டு முகலாய மன்னர்களின் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் வரைந்த கோட்டோவியங்களுள் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. சாசகானின் உருவமும் அவற்றுள் ஒன்று. தாம் அடைந்த பெருமையையும் இழந்த பெருமையையும் ஒருசேர எண்ணாமல், அயல்நாட்டுக் கலைஞரிடமும் கற்கத் தாழாத மாணவராகவே அவர் இருந்தார். இளமைமுதல் முதுமைவரை தம்மைத்தாமே வரைந்த வண்ண ஓவியங்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றில் சுருக்கத்தையோ சோர்வையோ அவர் மறைக்கவில்லை.

1669 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4 ஆம் நாள் இரெம்பிராண்டு உயிர் நீத்தார். மேற்குத் தேவாலயத்தில் வாடகைக் கல்லறை ஒன்றில் அவரை அடக்கம் செய்தனர். அவ்விடம் இன்னதென்று இன்று அறிதற்கில்லை. ஆனால், அவரிடமிருந்து பறிபோன மாளிகை இன்று அவர் பெயரால் காட்சியகமாக விளங்குகின்றது. ஆம்சுடர்டாம் அரசு அருங்காட்சியகத்தில் உலக மக்கள் அவர் ஓவியத்தின்முன் வியந்து நிற்கின்றனர். ஒளியின் அருமையை இருளே விளக்கும் என்பதை அவர் ஓவியம் காட்டுகின்றது. அவர் வாழ்க்கையும் அதனையே காட்டுகின்றது. மாணவர்களே, பொருள் நீங்கியபோதும் தொழிலில் மனம் தளராது நின்ற இப்பெருங்கலைஞரை நாமும் நினைவிற் கொள்வோமாக.