தோற்கும் அணி சீனியர்களைக் கொடுத்து இளைஞர்களை வாங்கலாமா? பிராஞ்ச் ரிக்கியின் வாழ்க்கை சொல்லும் பதில்

1953 ஜூன் 4. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர பேஸ்பால் ரசிகர்களுக்கு அது கசப்பான நாள். பைரட்ஸ் அணியின் ஒரே நட்சத்திரமான ரால்ஃப் கைனரை, அணி நிர்வாகம் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்துவிட்டது.

கைனர் சாதாரண ஆள் இல்லை. 1946 முதல் 1952 வரை தொடர்ந்து 7 சீசன் நேஷனல் லீகில் அதிக ஹோம் ரன் அடித்தவர்கள் பட்டியலில் தனியாகவோ இன்னொருவருடன் சேர்ந்தோ முதலிடம் பிடித்தவர். அணி தோற்றாலும் பரவாயில்லை, கைனர் அடிப்பதைப் பார்த்தால் போதும் என்றே பலர் மைதானத்துக்கு வந்தார்கள்.

அவரை அனுப்பியவர் பிராஞ்ச் ரிக்கி. அவருடைய கணக்கு ரொம்ப எளிமை. கைனர் இருந்தும் அணி கடைசி இடம்தான், இல்லாவிட்டாலும் அதே கடைசி இடம்தான். அப்புறம் எதற்கு அவ்வளவு பெரிய சம்பளம்?

தடுமாறும் ஒரு அணி, பெயர் பெற்ற சீனியர்களைக் கொடுத்துவிட்டு எதிர்காலத்துக்காக இளைஞர்களை வாங்க வேண்டுமா? அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு சீசனிலும் எழும் கேள்வி இது. இதற்கு நேரடியாக விடை தேட ரிக்கியின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். ஏனென்றால் இந்தக் கணக்கில் அவர் பெரிதாக ஜெயித்திருக்கிறார், தப்பும் செய்திருக்கிறார்.

யார் இந்த ரிக்கி?

1881 டிசம்பர் 20-ல் ஓஹையோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கண்டிப்பான மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை விளையாட மாட்டேன் என்பதைக் கடைசி வரை கொள்கையாகவே வைத்திருந்தார்.

ஆட்டக்காரராக அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. கேட்ச்சராக இருந்த அவருக்கு எதிராக 1907-ல் ஒரே ஆட்டத்தில் எதிரணி 13 பேஸ்களைத் திருடியது. பேஸ்பால் வரலாற்றில் அது ஒரு மோசமான சாதனை. பிறகு காசநோய் வந்து படுத்தார். தேறி எழுந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படிக்கும்போதே அங்கே பேஸ்பால் பயிற்சியாளராகவும் இருந்தார்.

தன்னால் ஆட முடியாவிட்டாலும், யாரால் ஆட முடியும் என்று கண்டுபிடிக்கிற கண் அவருக்கு இருந்தது. 1913-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கும், 1917-ல் அதே ஊரின் கார்டினல்ஸ் அணிக்கும் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார்.

நாற்றங்கால் யோசனை

கார்டினல்ஸ் அப்போது ஏழை அணி. மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டிகளில் நல்ல பையன் ஒருவனை ரிக்கி கண்டுபிடிப்பார். அவர் விலை பேசுவதற்குள் நியூயார்க் மாதிரி பணக்கார அணிகள் அதிக விலை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

சரி, விளைந்த பயிரை வாங்க முடியவில்லை என்றால் நாமே நாற்று விடுவோம் என்று முடிவு செய்தார் ரிக்கி. ஹூஸ்டன், சிரக்யூஸ் போன்ற ஊர்களின் மைனர் லீக் அணிகளில் பங்கு வாங்கினார். நூற்றுக்கணக்கான இளைஞர்களைக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்த்து, படிப்படியாக மேலே ஏற்றினார். இதுதான் ஃபார்ம் சிஸ்டம். இன்று மேஜர் லீகின் எல்லா அணிகளும் இந்த வழியில்தான் ஆட்களை வளர்க்கின்றன.

பலன் 1926-ல் கிடைத்தது. கார்டினல்ஸ் முதல்முறையாக வேர்ல்ட் சீரிஸ் வென்றது. பிறகு 1931, 1934, 1942 என்று வரிசையாகக் கோப்பைகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1926 இறுதி ஆட்டத்தில் வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தது நாற்றங்காலில் வளர்ந்த பையன் இல்லை. சீசன் நடுவில் சிகாகோ வேண்டாம் என்று விட்ட, 39 வயது பிட்ச்சர் குரோவர் கிளீவ்லேண்ட் அலெக்சாண்டர்!

ஒரு வருஷம் முன்னாடியே

ஃபார்ம் சிஸ்டம் ரிக்கிக்கு இன்னொரு வசதியையும் கொடுத்தது. கீழே ஆள் தயாராக இருக்கும்போது மேலே இருக்கும் நட்சத்திரத்தை விற்கலாம். வீரர் சரிவதற்கு ஒரு வருஷம் முன்னாடியே கொடுத்துவிட வேண்டும், ஒரு வருஷம் தாமதமானால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் அவருடைய பெயர் பெற்ற விதி.

இதற்குப் பிரபலமான உதாரணம் டிஸ்ஸி டீன். 1934-ல் 30 ஆட்டங்களை வென்ற பிட்ச்சர். 1937-ல் கால் விரல் முறிந்தது. வலியோடு வீசும் விதத்தை மாற்றியதில் தோள் கெட்டது. 1938-ல் ரிக்கி அவரை சிகாகோவுக்குக் கொடுத்து, 1,85,000 டாலரும் 3 வீரர்களும் வாங்கினார். டீன் அந்த வருஷம் சிகாகோவுக்கு 7 வெற்றி கொடுத்தார். அதற்குப் பிறகு அங்கே இருந்த காலம் முழுவதும் 9 வெற்றிதான். பதிலுக்கு வந்த கர்ட் டேவிஸ், 1939-ல் மட்டும் கார்டினல்ஸுக்காக 22 ஆட்டங்களை வென்றார்.

எல்லாமே இப்படிச் சரியாக அமைந்ததா? இல்லை. 1941 கடைசியில் 28 வயது ஜானி மைஸை நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு விற்றார். அவர் 1947-ல் 51 ஹோம் ரன் அடித்தார். அதன் பிறகு யாங்கீஸுக்குப் போய் 5 வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணிகளில் இருந்தார். ஆனாலும் கார்டினல்ஸ் நொறுங்கவில்லை. மைஸ் போன அடுத்த வருஷமே, ஸ்டான் மியூசியல் போன்ற சொந்தத் தயாரிப்புகளை வைத்துக் கோப்பையை வென்றது. அதாவது, நாற்றங்கால் செழிப்பாக இருந்ததால் தப்பான விற்பனையைக்கூட அந்த அணியால் தாங்க முடிந்தது.

இதில் வீரர்கள் நிலை என்ன?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்குப் பழைய பேஸ்பால் ஒப்பந்தம் அதிர்ச்சியாக இருக்கும். அந்தக் காலத்தில் ஒருமுறை கையெழுத்துப் போட்டால், அணி விற்கும் வரை அல்லது விடுவிக்கும் வரை வீரர் அந்த அணிக்குத்தான் சொந்தம். எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. 1970-களின் நடுவில்தான் இது மாறியது.

ரிக்கியின் நாற்றங்காலில் நூற்றுக்கணக்கான பையன்கள் மேலே போகவும் முடியாமல், வேறு அணிக்குத் தாவவும் முடியாமல் கிடந்தார்கள். 1938-ல் பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ், விதிமீறல் என்று சொல்லி கார்டினல்ஸின் 70-க்கும் மேற்பட்ட இளம் வீரர்களை ஒரே உத்தரவில் விடுவித்தார். இத்தனைக்கும், வீரர்களை விற்பதில் வரும் லாபத்தில் ரிக்கிக்குத் தனிப் பங்கும் இருந்தது. அவர் செய்த டிரேடுகளைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புரூக்ளின்: யாரும் தேடாத இடத்தில்

1942 முடிவில் ரிக்கி புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு மாறினார். கறுப்பின வீரர்களை மேஜர் லீக் பல பத்தாண்டுகளாக வெளியே நிறுத்தியிருந்தது. 1945-ல் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து அந்தச் சுவரை உடைத்தவர் ரிக்கிதான். 1947 ஏப்ரல் 15-ல் ராபின்சன் களம் இறங்கினார். ரிக்கியை உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது முக்கியமாக இதற்காகத்தான். நியாய உணர்வும் இருந்தது, மற்ற அணிகள் எட்டிப் பார்க்காத இடத்தில் திறமை கொட்டிக் கிடக்கிறது என்ற கணக்கும் இருந்தது. அதேசமயம், ராபின்சன் ஆடிவந்த கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு அவர் ஒரு டாலர்கூட நஷ்டஈடு தரவில்லை.

ராபின்சன் வருவதை எதிர்த்தவர்களில் ஒருவர், புரூக்ளின் ரசிகர்களின் செல்லமான டிக்ஸி வாக்கர். 1947 டிசம்பரில், 37 வயதான அவரோடு இரண்டு பிட்ச்சர்களையும் சேர்த்து ரிக்கி பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தார். வாக்கர் இரண்டே சீசனில் மேஜர் லீகை விட்டுப் போனார். பதிலுக்கு வந்த பிரீச்சர் ரோவும் பில்லி காக்ஸும் டாட்ஜர்ஸின் தூண்கள் ஆனார்கள். 1951-ல் ரோ 22 வெற்றி, 3 தோல்வி.

வேடிக்கை என்னவென்றால், இப்படி வயதானவரை வாங்கி ஏமாந்த அதே பிட்ஸ்பர்க்கைத் தூக்கி நிறுத்தும் வேலைக்கு 1950 கடைசியில் ரிக்கியே போனார்.

பிட்ஸ்பர்க்கில் என்ன ஆச்சு?

இங்கே நாற்றங்காலில் நாற்று இல்லை. வயல் காலி. ரிக்கி இளைஞர்களைக் கூட்டமாகச் சேர்த்து, பலரைப் பழுக்கும் முன்பே மேஜர் லீகில் இறக்கினார். 1952-ல் பைரட்ஸ் 42 ஆட்டங்களை வென்று 112-ல் தோற்றது. 1952 முதல் 1955 வரை 4 வருஷமும் 8 அணிகளில் எட்டாவது இடம்.

கைனர் டிரேடும் அப்படித்தான். கைனரோடு இன்னும் 3 பேரைக் கொடுத்து, 6 வீரர்களும் பணமும் வாங்கினார்கள். அந்த 6 பேரில் ஒருவர்கூட பைரட்ஸை உயர்த்தவில்லை. ஆனால் கைனரை விற்றது தப்பு என்றும் சொல்ல முடியாது. முதுகுவலியால் அவர் 1955-லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

அப்படியானால் மாற்றம் எங்கிருந்து வந்தது? டிரேடில் இருந்து அல்ல, தேடலில் இருந்து. கல்லூரியில் இருந்து நேரடியாக டிக் குரோட். 17 வயதில் பில் மசரோஸ்கி. 1954 நவம்பரில், கடைசி இடத்தில் முடித்ததால் கிடைத்த முதல் தேர்வு உரிமையைப் பயன்படுத்தி, டாட்ஜர்ஸின் மைனர் லீக் அணியில் ஒளிந்திருந்த ராபர்ட்டோ கிளெமென்டேவை வெறும் 4,000 டாலருக்கு எடுத்தார்கள்.

1955 சீசனோடு ரிக்கி பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்து வந்த ஜோ பிரவுன் பாதி வழியில் கொள்கையையே திருப்பினார். 1959-ல் பர்கஸ், ஹேடிக்ஸ், ஹோக் என்ற அனுபவசாலிகளை வாங்கினார். 1960 மே மாதம், ஹூலியன் ஹாவியர் என்ற அருமையான இளைஞரைக் கொடுத்து, பிட்ச்சர் மைசெல்லை வாங்கினார். ரிக்கி செய்ததற்கு நேர் எதிர்!

அந்த ஆண்டு அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில், மசரோஸ்கி அடித்த ஹோம் ரன் பிட்ஸ்பர்க்கை சாம்பியன் ஆக்கியது. ஹாவியர்? அவரும் 1964-ல் கார்டினல்ஸோடு கோப்பை வென்றார். இரண்டு அணிக்குமே அது சரியான டிரேட்.

அப்போ, விற்கலாமா வேண்டாமா?

ரிக்கியின் கதையில் இருந்து மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

ஒன்று, அணி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு 30 வயதைத் தாண்டிய நட்சத்திரம் ஆடம்பரம். ஒரே ஒரு ஆள் குறையும் அணிக்கு அதே சீனியர்தான் அத்தியாவசியம்.

இரண்டு, விற்பது பாதி வேலைதான். பிலடெல்பியாவில் கானி மேக் 1914-ல் லீக் பட்டம் வென்ற அணியைப் பிரித்துக் கொடுத்தார். நிரப்ப ஆள் இல்லாமல் 1915 முதல் 7 வருஷம் கடைசி இடத்திலேயே கிடந்தார்கள். கண்டுபிடிக்கும் கண்ணும், வளர்க்கும் இடமும் இல்லாத அணி சீனியரை விற்றால் மிஞ்சுவது பணம் மட்டுமே.

மூன்று, காலக்கெடு. பிட்ஸ்பர்க்கில் நட்டதை அறுவடை செய்ய 10 வருஷம் ஆனது. அத்தனை நாள் தோல்வியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் வாங்கியவர்கள் ரசிகர்கள். அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று நிர்வாகம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்வதுதான் நேர்மை.

1965 நவம்பரில் மிசோரி மாநிலத்தில் ஒரு பாராட்டு விழா மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிக்கி சரிந்து விழுந்தார். நினைவு திரும்பவில்லை. டிசம்பர் 9 அன்று, 84-வது பிறந்தநாளுக்கு 11 நாள் முன்பு, இறந்தார். 1967-ல் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது. 1975-ல் அதே மண்டபத்தில் இன்னொரு பெயரும் சேர்ந்தது: ரால்ஃப் கைனர்.