குதிரைகளைப் பேணியவர்

பெங்களூரில் வாழும் மாணவர்களுக்குக் குதிரைப் பந்தயத் திடல் புதிதன்று. வென்ற குதிரையின் பெயரையும் அதனைச் செலுத்தியவர் பெயரையும் பலர் அறிவர். அக்குதிரைக்குத் தீனியிட்டு, குளம்பைக் கவனித்து, நோய் தீர்த்தவரை அறிந்தோர் மிகச் சிலரே. அத்தகைய பணியைத் தம் வாழ்நாள் தொண்டாக ஏற்றவர் வில்லியம் மூர்கிராஃப்ட்.

இவர் 1767ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிறந்தார். லிவர்பூல் நகரில் அறுவை மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் அப்பகுதிக் கால்நடைகளிடையே கொள்ளைநோய் பரவியது. அவற்றிற்கு மருத்துவம் செய்யும் பொறுப்பு இளைஞரான இவரிடம் வந்தது. அதுவே இவரது வாழ்வின் திசையை மாற்றியது.

அந்நாளில் மனிதர்க்கு மருத்துவம் பார்ப்பவருக்குச் சமுதாயத்தில் மதிப்பு இருந்தது. குதிரைக்கு மருத்துவம் பார்ப்பதோ, லாடம் அடிக்கும் கொல்லரின் வேலையாகக் கருதப்பட்டது. மூர்கிராஃப்ட் மதிப்புமிக்க வழியைத் துறந்து, பிரான்சு நாட்டின் லியோன் நகரிலிருந்த கால்நடை மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். முறைப்படி அக்கல்வியைக் கற்ற முதல் ஆங்கிலேயர் இவரே. பின்னர் இலண்டனில் குதிரை மருத்துவராகப் புகழ் பெற்றார். ஆயினும், இயந்திரத்தால் லாடம் செய்யும் முயற்சியில் பெரும்பொருளை இழந்தார்.

1808ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக்குக் கண்காணிப்பாளராகப் பீகாரிலுள்ள பூசாவுக்கு வந்தார். நோயுற்ற குதிரைகளுக்கு மருத்துவம் செய்ததோடு, அவற்றின் தீனிக்காக ஓட்ஸ் தானியத்தையும் அங்கே பயிரிடச் செய்தார்.

நல்லினக் குதிரைகளைத் தேடி, 1812இல் துறவி வேடம் பூண்டு இமயத்தைக் கடந்து மானசரோவர் ஏரி வரை சென்றார். பின்னர் லடாக், காசுமீரம், காபூல் வழியே நெடும்பயணம் செய்து 1825இல் புகாராவை அடைந்தார். அங்கும் அவர் விரும்பிய குதிரைகள் கிட்டவில்லை. மனம் தளராமல் அண்ட்கோய் என்னும் ஊருக்குக் குதிரை வாங்கச் சென்றவர், அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் காய்ச்சலுற்று உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 58.

ஏறத்தாழ அதே காலத்தில், 1824இல், பெங்களூருக்கு அருகே ஓசூரை அடுத்த மத்திகிரியிலும் கம்பெனியார் படைக்குதிரைகளுக்காகப் பண்ணை அமைத்தனர். அப்பண்ணை இன்று அரசுக் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது.

மூர்கிராஃப்ட் தேடிய குதிரைகள் இறுதிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. எனினும், அவர் பொறுப்பில் இருந்த குதிரைகள் நல்ல தீனியும் தக்க மருத்துவமும் பெற்றன. பரிசுக் கோப்பை தராத அப்பணியிலேயே அவர் தம் வாழ்வின் பொருளைக் கண்டார்.

சிந்தித்து விடை எழுதுக:
1. மூர்கிராஃப்ட் கால்நடை மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் யாது?
2. அவர் வாழ்வு வெற்றியா, தோல்வியா? நும் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.